கார்டு போட இடமில்லாத போன்

ஒன்பது வருடத்தில் ஆறு போன் வாங்கியிருக்கிறேன். கைவிட்ட ஐந்தில் ஒன்றுகூடத் தானாக உயிரை விட்டதில்லை. முதலாவதின் பின்மூடியில் ஒரு கீறல். இரண்டாவதில் மாலை நாலு மணிக்கு மேல் சார்ஜ் நிற்கவில்லை. பேட்டரியை மட்டும் மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. மூன்றாவது மழையில் நனைந்து ஒரு நாள் முரண்டு பிடித்துவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொண்டது. அதற்குள் நான் புதிதை வாங்கியிருந்தேன். நான்காவதில் வங்கி ஆப் இனித் திறக்காது என்று அறிவிப்பு வந்தது. ஐந்தாவதில் ஒரு குறையும் இல்லை. அதை மாற்றியதால் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ஒரு நாளிதழுக்காக ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் செய்தி சேகரிப்பவன். படம், வீடியோ, செய்தி தட்டுவது எல்லாமே போனில்தான். ஆடி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும். மற்றவர்கள் திருவிழாவுக்குத் துணி எடுப்பதுபோல, தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் போன் பார்க்கப் போவேன். போலீஸ் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபது பேர் ஒரே தேரை நோக்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவனின் திரையில் தேர் இன்னும் கிட்டத்தில் தெரிவதைப் பார்ப்பது ஒரு வேதனை. மதுரை டெஸ்க்கிலிருந்து "படம் சுமாரா இருக்கே" என்று ஒரு வரி வந்தால் போதும், அடுத்த வருடத்துக்கான முடிவு அப்போதே ஆகிவிடும்.

சமீபத்தில் நான்கு வருடத் தேர்ப் படங்களைப் பேப்பரிலிருந்து வெட்டித் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று பத்தி அகலம், நியூஸ்பிரிண்ட் தாள், கொஞ்சம் பரவிய மை. எந்தப் படத்தை எந்தப் போனில் எடுத்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆரம்பத்தில் எனக்கு வாய்த்த தலைமைச் செய்தியாளர், எங்கே, எப்போது, யார் கொடுத்தது என்று தெரியாத படத்தை மேசையிலிருந்து கீழே தள்ளிவிடுவார். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் அந்த வாரப் படங்களைப் போனிலிருந்து மெமரி கார்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பேன். தேர், கோர்ட், மில், தண்ணீர் என்று தனித்தனி ஃபோல்டர். படத்தின் பெயரில் ஊர், தேதி, கொடுத்தவர் பெயர். நாளை யாராவது வழக்குப் போட்டால் ஆதாரம் வேண்டுமே என்பது என் கணக்கு. என்னை மடக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அந்தக் கார்டில் ஒரு கதவின் படம் இருந்தது.

அனுப்பியவர் நாற்பது வயதைக் கடந்த பெண். சேத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவர் ஊரில் காலை பஸ் நிற்காமல் போவதைப் பற்றி நான் எழுதியபோது பழக்கமானவர். மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு ஷெட்டில் வேலை. உள்ளே பஞ்சுத் தூசி மூக்கு வரைக்கும் பறக்கும். ஒரு பொறி போதும். அந்த ஷெட்டின் பின்கதவை, துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, ஷிப்ட் நேரத்தில் வெளியே பூட்டிவிடுவார்கள். உள்ளே முப்பதுக்கு மேற்பட்டவர்கள். போன் கொண்டுபோகத் தடை. கேட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அவர் தூக்குச்சட்டியில் சோற்றுக்கு அடியில், பாலித்தீன் கவரில் சுற்றிப் போனை உள்ளே கொண்டுபோய், கதவின் இடுக்கு வழியாக வெளியே தொங்கிய பூட்டைப் படம் எடுத்திருந்தார்.

அது திரை உடைந்து ரப்பர் பேண்ட் போட்ட போன். படம் லேசாகக் கலங்கியிருந்தது. ஆனாலும் பூட்டு பூட்டாகத் தெரிந்தது.

"எம்பேரு வராதுல்லா சார்?" என்று கேட்டார்.

"வராதும்மா."

"இல்ல, எனக்குன்னு இல்ல. மக காலேசுக்குப் போறா. இந்த வேலையிலதான் ஓடுது."

"என்னையத் தாண்டி ஒரு எழுத்து வெளிய போவாது. நம்புங்க."

செய்தி வந்தது. அதிகாரிகள் வந்தார்கள். பூட்டு போனது. இருபது வருடத் தொழிலில் நான் எழுதியதால் உண்மையில் ஒரு கதவு திறந்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் படத்தை எடுத்தது என் போன் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கார்டுக்கு மாற்றினேன். மில் ஃபோல்டர். ஷெட், ஷிப்ட், ஊர், அவர் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை எழுதியதே போதும்.

அடுத்த ஆடி வந்தது. ராஜபாளையத்தில் நான் வழக்கமாகப் போகும் போன் கடைக்காரர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். கடை திறந்த அன்று இரண்டு வரிச் செய்தி போட்டவன் நான். என் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர் அவர்.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. ஜூம் போட்டா தேர் மேல நிக்கிற பட்டரு வாட்ச்சுல மணி பாக்கலாம்."

"பழசு நல்லாத்தான ஓடுது."

"நல்லா ஓடும்போதே குடுத்துரணும். நொண்டி அடிச்ச பொறவு கொண்டாந்தா நான் என்ன வெல வைக்க?"

சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டேன். புதுப் போனைச் சாமி படத்துக்கு முன்னால் காட்டி, பெட்டியின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். பழையதையும் புதியதையும் கண்ணாடி மேசையில் அருகருகே வைத்தார். கார்டில் இருந்தது உட்பட எல்லாம் அங்கிருந்து இங்கே ஏறியது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். பிறகு பழைய போனில் இருந்ததையெல்லாம் நானே, என் கையால், முழுவதும் அழித்தேன். அந்த அளவுக்கு எச்சரிக்கையானவன்தான்.

கார்டைப் புதுப் போனில் போடலாம் என்று பக்கவாட்டில் துழாவினேன். சிம் போட மட்டும்தான் இடம் இருந்தது.

"கார்டு எங்க போட?"

"கார்டா? அதெல்லாம் நிப்பாட்டி எம்புட்டு நாளாச்சு! எல்லாம் உள்ளயே கெடக்கும். மேலயும் ஏறிக்கிடும்." வானத்தைக் காட்டினார்.

"அப்ப இது?"

"ஒங்களுக்கு எதுக்கு? எங்கிட்டக் குடுங்க, ஒடச்சுப் போட்டுருதேன். சும்மா தூரப் போட்டுராதீக. கண்டவன் கையில சிக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை நம்பவைத்தது. ஆபத்தைத் தானாகவே எடுத்துச் சொல்கிறவன் அதைச் செய்யமாட்டான் என்று நினைத்தேன். சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்தக் கறுப்புத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தேர் பார்க்கப் போனேன். பட்டர் வாட்ச் கட்டியிருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். எதிரே டீக்கடையில் நிற்கும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். முகம் எங்கோ பார்த்ததுபோல இருந்தது.

"ரிப்போர்ட்டர் சார்தான?"

"ஆமா."

பைக்குள் கைவிட்டு ஒரு காகித மடிப்பை எடுத்தார். "இது ஒங்க சாமானான்னு பாருங்க."

உள்ளே கார்டு இருந்தது.

அவர் அந்த பேண்டேஜ் ஷெட்டின் மேஸ்திரி. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். ஒரு நல்ல நகைச்சுவையைச் சொல்லப் போகிறவர்போல ஆரம்பித்தார்.

"வீட்டுக்காரிக்குப் பழைய போன் ஒண்ணு வாங்குனேன். கடைக்காரரு பாட்டு ஏத்தி ஒரு கார்டு சும்மாக் குடுத்தாரு. போட்டா, பாட்டோட பாட்டா ஒங்க படமும் வருது. தேரு ரொம்ப நல்லாருந்துச்சு சார். கோர்ட்டு வாசல்ல எங்க சித்தப்பன் ஒரு படத்துல நிக்கான், கைய வேற ஆட்டுதான்."

நான் டீயைக் குடிக்கவில்லை.

"பொறவு மில்லுன்னு ஒண்ணு இருந்துச்சு. தொறந்தா எங்க ஷெட்டுக் கதவு. கீழ ஊரு, பேரு, ஷிப்டு! போலீஸ்காரன்கூட இம்புட்டு வெவரமா எழுத மாட்டான் சார்."

"மொதலாளிகிட்டக் காட்டுனீங்களா?"

"காட்டாம?"

"அந்தக் கதவு தொறந்ததுல ஒங்களுக்கும் நல்லதுதான."

"நல்லதுதான். தீப்பிடிச்சா நானும் உள்ளதான வேகணும்." டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் சிரிப்பு போனது. "ஒரு வருசத்துக்கு மேல என்னையத்தான் சந்தேகமாப் பாத்தாக. மேஸ்திரிதான் படத்தக் குடுத்திருப்பான்னு. போனஸ் நேரத்துல மூஞ்சி குடுத்துப் பேசல. நானும் புள்ளகுட்டிக்காரன். ஒரு நா கையில சாட்சி கெடைக்கி. நீங்களா இருந்தா என்ன செய்வீக?"

கார்டைக் காகிதத்துக்குள் திரும்ப மடித்து வைத்தேன்.

"நான் காட்டிக் குடுத்தேன்னுதான நெனைக்கிய? எழுதி வச்சது யாரு சார்?"

அந்தப் பெண்ணை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றார். காரணம், தடையை மீறி உள்ளே போன் கொண்டுவந்தது. இப்போது தளவாய்புரத்தில் நைட்டி தைக்கப் போவதாகக் கேள்வி என்றார். டீக்கு நான் கொடுக்க வந்த காசை வாங்க விடாமல், தானே கொடுத்துவிட்டுப் போனார்.

தீர்ப்பு என்ன ஆனது என்று பக்கத்து நிருபரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். கார்டைக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

"எந்தக் கார்டு அண்ணாச்சி இது?"

"நீங்க ஒடச்ச கார்டு."

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்வதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது, நான் கொடுக்கவில்லை.

"அழிச்சேன்னுதான் நெனச்சேன். பாட்டு ஏத்துற அவசரத்துல..."

"ஒடைக்கேன்னு சொன்னீங்க."

"நல்ல கம்பெனிக் கார்டு அண்ணாச்சி. ஒடைக்க மனசு வரல. நீங்கதான குப்பையப் பத்தி எழுதுனிய, கம்மாக்கரைல செல்லு பேட்டரியெல்லாம் கெடக்குன்னு. ஒரு சாமானை வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனிய?"

உண்மை. எழுதியிருந்தேன். கண்மாய்க் கரையில் ஆடு மேய்கிற இடத்தில் கிடந்த சார்ஜர்களையும் உப்பிய பேட்டரிகளையும் நானே போய்ப் படம் எடுத்து, என் ஐந்தாவது போனில் தட்டி அனுப்பினேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் உடைந்த திரைகள் குவிந்து கிடந்தன. வாரத்துக்கு ஒரு முறை பழைய சாமான் வாங்குகிறவன் வந்து எடை போட்டு அள்ளிக்கொண்டு போவான். அவ்வளவையும் தூக்கிப் போட மனம் வந்தவருக்கு, உடைப்பேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்த ஒன்றை உடைக்க மட்டும் மனம் வரவில்லை.

"அந்தக் கார்டுல பேரு இருந்த ஒரு அம்மாவுக்கு வேலை போயிட்டு," என்றேன்.

உண்மையிலேயே வருத்தப்பட்டார். முகம் சுருங்கியது. "அய்யோ. எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றார். பிறகு என் போனைப் பார்த்து, "கண்ணாடி கீறிருக்கே. குடுங்க, புதுசு ஒண்ணு சும்மா ஒட்டித் தாரேன்" என்றார்.

அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஆனால் அவர்மீது கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே ஓட்டினேன். ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கார்டு போடும் இடத்தை எடுத்துவிட்ட கம்பெனியைக்கூடத் திட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி கடைசியாகக் கேட்ட கேள்வி திரும்ப வந்தது: எழுதி வச்சது யாரு? கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு, அதற்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"யாரு பேசுதது?"

சொன்னேன். உள்ளே போகுமுன் கேட்டில் நின்று எடுத்திருப்பார் போல, பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வாங்க. கம்பெனி கேட்டுப் பக்கம் வராதீக. பஸ் ஸ்டாப்புல நில்லுங்க."

தளவாய்புரம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். ஒரு மணிக்கு வந்தார். சேலையில் நீலமும் ரோஸுமாக நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. முன்னைவிட மெலிந்திருந்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது, அப்படியெல்லாம் இல்லை. அப்படியேதான் இருந்தார். கையில் அதே போன், அதே ரப்பர் பேண்ட்.

நடந்ததை முழுவதும் சொன்னேன். கடைக்காரரை முதலில் சொல்லாமல், நான் பெயர் எழுதி வைத்ததை முதலில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மேஸ்திரிதான்னு தெரியும். எப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான் தெரியாம இருந்தது," என்றார். "எம் மககிட்டக்கூட நான் சொல்லல சார். எங்க வீட்டுலயே யாருக்கும் தெரியாது. ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அப்ப நீங்களாத்தான் இருக்கணும்னு நெனச்சேன். பொறவு, இருக்காது, அவிய அப்படிப்பட்டவுக இல்லன்னு நானே சொல்லிக்கிட்டேன்."

"வேற மில்லுல சொல்லட்டுமா? எனக்குத் தெரிஞ்சவங்க..."

"வேண்டாம். இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இது போதும்." என் சட்டைப்பையைப் பார்த்தார். "அந்தப் படம் கார்டுல மட்டுந்தான் இருந்துச்சா?"

கேட்கும் வரைக்கும் நான் அதை நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

"இந்தப் போனுலயும் இருக்கா சார்?"

வெளியே எடுத்தேன். ஆயிரக்கணக்கான படங்கள், எங்கே தேடுவது என்று தடுமாறினேன். பிறகு, வாங்கும்போது கடைக்காரர் பெருமையாகக் காட்டிய வசதி நினைவுக்கு வந்தது. ஊர் பெயரோ ஆள் பெயரோ தட்டினால் போதும், படம் தானாக வந்து நிற்கும். அவர் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினேன். முழுதாகத் தட்டி முடிப்பதற்குள் கதவும் பூட்டும் வந்துவிட்டன. கீழே ஷெட், ஷிப்ட், ஊர், பெயர்.

போனை என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"ஒரு எழுத்துப் பிழை இல்லாம எழுதி வச்சிருக்கீக," என்றார்.

எங்கே தொட வேண்டும் என்று காட்டப் போனேன். "எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவரே அழித்தார். திரையில் ஒரு வரி வந்தது. அதையும் படித்தார்.

"முப்பது நாளு வச்சிருப்பேன்னு சொல்லுதே?"

"ஆமா. குப்பையில இருக்கும். அங்க போயி..."

குப்பைக்குள் போய் அங்கேயும் அழித்தார். "மேல ஏறிக்கிடும்னு கடைக்காரரு சொன்னதாச் சொன்னீகளே?" என்றார். கிளவுடிலும் தேடினோம். பஸ் ஸ்டாப்பின் நிழலில், தலைகள் ஒட்டினாற்போல் நின்று, இரண்டு பேரும் தேடினோம். ஒரு பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் போய்விட்டது. மேலேயும் இருந்தது. அழித்தார். வாட்ஸாப்பில் இருந்தது. அழித்தார். கடைசியாக அவர் நம்பர்.

"இப்ப ஒண்ணும் இல்லல்லா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. எனக்குத் தெரிந்த இடங்களில் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் தலையாட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒங்க போன்லயும் என் நம்பரை எடுத்துருங்க. யாராவது பாத்தா ஒங்களுக்குத்தான் தொந்தரவு," என்றேன்.

"அத அப்பவே எடுத்துட்டேன் சார்," என்றார்.

அப்போதுதான் "யாரு பேசுதது?" என்று அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. எதிர்ப்பக்கம் தையல் கம்பெனியில் பெல் அடித்தது. சேலையில் ஒட்டியிருந்த நூலில் ஒன்றைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு, கேட்டை நோக்கி நடந்தார். அங்கே காவலாளியின் மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ரப்பர் பேண்டைச் சரிசெய்து, போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போனார்.